சதவீதக் கணக்கு: 'எதன் மேல்?' என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்

சதவீதத்தில் தடுமாறுகிறவர்களுக்குப் பெருக்கலும் வகுத்தலும் தெரியாமல் இல்லை. 650-க்கு 18% எவ்வளவு என்று கேட்டால், 18-ஆல் பெருக்கி நூறால் வகுத்து 117 என்று சொல்லிவிடுவார்கள். அதே ஆளிடம், 'வரியோடு சேர்த்து 1,180 ரூபாய், வரி 18%, இதில் வரி மட்டும் எவ்வளவு?' என்று கேட்டுப் பாருங்கள். பலரும் 1,180-க்கு 18% போட்டு 212 ரூபாய் 40 காசு என்பார்கள். சரியான விடை 180. பெருக்கலில் பிழை இல்லை. வரி எந்தத் தொகையின் மேல் போடப்பட்டது என்று பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தர உட்காரும் பெற்றோருக்கும், படிப்பை விட்டுப் பல வருடம் கழித்து டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்காகக் கணக்கைத் தூசி தட்டுகிறவர்களுக்கும், நகைக்கடை பில்லை வெறுமனே மடித்துப் பையில் வைக்க மனமில்லாதவர்களுக்கும் இது. தேவையானது நான்கு அடிப்படைச் செயல்களும் ஒரு பென்சிலும்.

நூற்றுக்கு எத்தனை

சதம் என்றால் நூறு. 15% என்றால் நூற்றுக்குப் பதினைந்து. பள்ளிப் புத்தகங்களில் சதவீதம் என்றும் விழுக்காடு என்றும் பார்த்திருப்பீர்கள். இலங்கைச் செய்திகளில் வெறுமனே '20 வீதம்' என்று எழுதுவார்கள். எல்லாம் ஒன்றே.

ஒரே எண்ணை மூன்று உருவத்தில் எழுதப் பழக வேண்டும்: 15%, 15/100, 0.15. தசமமாக மாற்ற, புள்ளியை இரண்டு இடம் இடப்பக்கம் நகர்த்தினால் போதும். 7% என்பது 0.07. இதை 0.7 என்று எழுதுவது ஆரம்பத்தில் எல்லோரும் செய்யும் தவறு. 0.7 என்றால் 70%. அதுபோல 2.5% என்பது 0.025, 150% என்பது 1.5. நூறைத் தாண்டிய சதவீதம் தப்பில்லை. ஒரு பொருளின் விலை மூன்று மடங்கானால் அது 200% உயர்ந்திருக்கிறது, 300% அல்ல. முதல் மடங்கு ஏற்கெனவே இருந்தது.

மனக்கணக்குக்கு 10 சதவீதமே சாவி. எந்த எண்ணாக இருந்தாலும் புள்ளியை ஓரிடம் நகர்த்தினால் 10%, இரண்டிடம் நகர்த்தினால் 1%. மற்றதையெல்லாம் இவற்றிலிருந்து கட்டிக்கொள்ளலாம். 840-ல் 35% வேண்டுமா? 10% என்பது 84. ஆக 30% என்பது 252. 5% என்பது 84-ல் பாதி, 42. கூட்டினால் 294. மேலே சொன்ன 650-ல் 18%-ஐ இன்னும் சுருக்கலாம்: 20% என்பது 130, அதிலிருந்து 2% (13) கழித்தால் 117.

நம் பழைய வாய்பாடே இப்படிப்பட்ட துண்டுகளால் ஆனதுதான். இருபதில் ஒன்றை 'மா' என்றார்கள், அது 5%. அரைமா 2.5%, இருமா 10%, மும்மா 15%, நாலுமா 20%. கால் 25%, அரைக்கால் 12.5%, வீசம் என்கிற மாகாணி 6.25%, காணி 1.25%. தாத்தா காலத்துக் கடைக்காரர் 1,200 ரூபாயில் 17.5% கேட்டால் 'மும்மாவும் அரைமாவும்' என்று பிரித்துக்கொண்டிருப்பார்: 180-ம் 30-ம், 210. பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அந்தப் பிரிக்கும் பழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

மனதில் நிற்க வேண்டிய பின்னங்கள் கொஞ்சம்தான். மூன்றில் ஒன்று 33.33%, ஆறில் ஒன்று 16.67%, ஏழில் ஒன்று சுமார் 14.29%, எட்டில் ஒன்று 12.5%, ஒன்பதில் ஒன்று 11.11%, பன்னிரண்டில் ஒன்று 8.33%. 960-ல் 12.5% என்றதும் தாளை எடுக்காமல் எட்டால் வகுத்து 120 என்று சொல்லலாம்.

இன்னொரு வசதியும் உண்டு. 25-ல் 16% எவ்வளவோ அதே அளவுதான் 16-ல் 25%. முதலாவது தலைவலி; இரண்டாவது பார்த்தவுடன் 4. பெருக்கலில் எண்களை இடம் மாற்றலாம் என்பதால்தான் இது நடக்கிறது. ஆனாலும் பிள்ளைகளிடம் இதை முதன்முதலாகக் காட்டும்போது வித்தை மாதிரியே பார்ப்பார்கள்.

மூன்றே கேள்விகள்

தேர்வில் எத்தனை விதமாகச் சுற்றி வளைத்துக் கேட்டாலும் அடியில் இருப்பவை மூன்று. ஒரு முழுத் தொகை, அதில் ஒரு பகுதி, அந்தப் பகுதி எத்தனை சதவீதம் என்ற எண். இரண்டைத் தந்து மூன்றாவதைக் கேட்பார்கள்.

பகுதியைக் கேட்டால் பெருக்கல். அதை ஏற்கெனவே பார்த்தோம். சதவீதத்தைக் கேட்டால் பகுதியை முழுத் தொகையால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் 500-க்கு 423 எடுத்திருந்தால், இரட்டித்து (846) பத்தால் வகுத்தால் 84.6%. பன்னிரண்டாம் வகுப்பில் 600-க்கு 487 என்றால் நேராக ஆறால் வகுத்தால் 81.17%. மதிப்பெண் கணக்குக்கு வேறெதுவும் வேண்டாம்.

மூன்றாவது வகையில்தான் பலர் சறுக்குவார்கள். 'வகுப்பில் 45% மாணவிகள். அவர்கள் 72 பேர். மொத்தம் எத்தனை பேர்?' என்பதுபோல் பகுதியைத் தந்து முழுவதைக் கேட்பது. 72-ல் 45% போட்டால் 32.4 வரும். மொத்த வகுப்பே மாணவிகளின் எண்ணிக்கையைவிடக் குறைவாக வருகிறதே என்று அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும். செய்ய வேண்டியது வகுத்தல்: 72-ஐ 0.45-ஆல் வகுத்தால் 160. தசம வகுத்தல் பயமாக இருந்தால் 1%-க்கு இறங்கி ஏறுங்கள். 45% என்பது 72 பேர், 1% என்பது 1.6 பேர், 100% என்பது 160 பேர். இந்த 'ஒரு சதவீதத்துக்கு இறங்கி ஏறும்' வழி மெதுவானது, ஆனால் ஏமாற்றாது.

வருகைப்பதிவுக் கணக்கும் இதே சாதி. 180 வேலைநாளில் 75% வேண்டும் என்றால் 135 நாள். பாதி வருடம், அதாவது 90 நாள் முடிந்த நிலையில் ஒருவர் 60 நாள்தான் வந்திருக்கிறார். இப்போது அவர் 66.67%-ல் நிற்கிறார். மீதி 90 நாளில் 75% வந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தால் தப்பு. 135-ல் 60 போக 75 நாள் வந்தாக வேண்டும். அது மீதமுள்ள 90 நாளில் 83.33%.

ஒரு எச்சரிக்கை. சதவீதங்களை நேராகக் கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். 20 பேர் உள்ள 'அ' பிரிவில் 90% தேர்ச்சி, 60 பேர் உள்ள 'ஆ' பிரிவில் 50% தேர்ச்சி என்றால் மொத்தத் தேர்ச்சி 70% அல்ல. 18 பேரும் 30 பேரும் சேர்ந்து 48 பேர். 80-க்கு 48 என்றால் 60%. முழுத் தொகைகள் சமமாக இருந்தால் மட்டுமே நேர்ச் சராசரி சரிவரும்.

ஏற்றமும் இறக்கமும்: கூட்டுவதை விட்டுப் பெருக்குங்கள்

20% ஏற்றம் என்றால் பழைய தொகையை 1.2-ஆல் பெருக்குங்கள். 20% இறக்கம் என்றால் 0.8-ஆல். இந்தப் பழக்கம் வந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது. ஏனென்றால் அடுத்தடுத்து வரும் மாற்றங்களை வரிசையாகப் பெருக்கிக்கொண்டே போகலாம்.

100 ரூபாய்ப் பொருள் 20% ஏறி 20% இறங்கினால் பழைய விலைக்கு வராது. 1.2 × 0.8 = 0.96, ஆக 96 ரூபாய். ஏறும்போது 100-ன் மேல் 20%, இறங்கும்போது 120-ன் மேல் 20%. 'எதன் மேல்?' என்ற எண் நடுவில் மாறிவிட்டது. இதே காரணத்தால் 100-லிருந்து 125-க்குப் போனது 25% ஏற்றம். 125-லிருந்து 100-க்குத் திரும்புவது 20% இறக்கம்தான். சர்க்கரை விலை 25% ஏறும்போது மாதச் செலவு கூடாமல் இருக்க எத்தனை சதவீதம் குறைத்து வாங்க வேண்டும் என்று தேர்வுகளில் கேட்பார்களே, விடை அந்த 20%தான்.

ஆடித் தள்ளுபடி நேரத்தில் '50% + 20%' என்று எழுதியிருந்தால் அது 70% அல்ல. 0.5 × 0.8 = 0.4, நீங்கள் 40% கொடுக்கிறீர்கள், தள்ளுபடி 60%. எழுதியிருக்கும் இரண்டில் எதை முதலில் கழித்தாலும் விடை ஒன்றே. சூத்திரம் பிடிக்குமென்றால், இரண்டையும் கூட்டி, இரண்டின் பெருக்கலை நூறால் வகுத்துக் கழிக்கலாம்: 70 – (50 × 20)/100 = 60. 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்பது 50%, 'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' என்பது 33.33%.

பிஸ்கட் பாக்கெட்டில் '20% கூடுதல்' என்று போட்டிருந்தால் அதை 20% தள்ளுபடியோடு குழப்பாதீர்கள். அதே விலைக்கு 100 கிராமுக்குப் பதில் 120 கிராம் தருகிறார்கள். 1-ஐ 1.2-ஆல் வகுத்தால் 0.833, கிராம் விலையில் 16.67%தான் குறைந்திருக்கிறது. 20% தள்ளுபடியே லாபம்.

வரி உள்ளே இருக்கும்போது

ஜி.எஸ்.டி. விஷயத்தில் பில்லைப் பார்த்தாலே பயிற்சி கிடைத்துவிடும். ஹோட்டல் பில்லில் 5% என்று தனியாகக் கூட்டியிருந்தால் எளிது: 400 ரூபாய்ச் சாப்பாட்டுக்கு மத்திய அரசுக்கு 2.5%, மாநில அரசுக்கு 2.5% என்று பத்துப் பத்து ரூபாய், மொத்தம் 420. ஆனால் பாக்கெட்டில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலையில் வரி ஏற்கெனவே அடக்கம். அங்கே பின்னோக்கிப் போக வேண்டும். 18% வரி என்றால் விலையை 118 பங்காக நினைத்துக்கொள்ளுங்கள். அதில் 100 பங்கு பொருளுக்கு, 18 பங்கு வரிக்கு. 1,180-ஐ 118-ஆல் வகுத்தால் ஒரு பங்கு 10 ரூபாய், வரி 180. ஆக 18% வரி போட்ட பொருளின் மொத்த விலையில் வரியின் பங்கு 15.25%தான்.

2025 செப்டம்பர் 22 முதல் வரி அடுக்குகள் மாறியபோது இந்தக் குழப்பம் பலருக்கும் வந்தது. சிமெண்டும் ஏ.சி.யும் 28%-லிருந்து 18%-க்கு வந்தன. அப்படியானால் விலை 10% குறைய வேண்டாமா? வேண்டாம். 128 ரூபாய் 118 ஆகியிருக்கிறது. 128-ன் மேல் 10 ரூபாய் என்றால் 7.81%. நெய் 12%-லிருந்து 5%-க்கு வந்தது. 560 ரூபாய் நெய்யில் அடிப்படை விலை 500, புதிய விலை 525. குறைந்தது 35 ரூபாய். 560-ல் அது 6.25%, பழைய கணக்கில் சொன்னால் சரியாக ஒரு வீசம். இதற்கும் குறைவாக விலையிறங்கியிருந்தால் கடைக்காரரைக் கேட்கலாம். 7% குறையவில்லையே என்று கேட்டால் அவர் பக்கம்தான் நியாயம்.

லாபம் எதன் மேல்

பள்ளிப் பாடத்தில் லாப சதவீதமும் நட்ட சதவீதமும் எப்போதும் அடக்க விலையின் மேல். தள்ளுபடி எப்போதும் குறித்த விலையின் (பொருளின் மேல் எழுதியிருக்கும் விலை) மேல். இந்த இரண்டு வரியை மறக்காமல் இருந்தால் எட்டாம் வகுப்புக் கணக்குகள் பெரும்பாலும் தாமாகவே விழும். வியாபாரத்தில் பலர் பேசுவது வேறு. 80 ரூபாய்க்கு வாங்கி 100-க்கு விற்பவர் புத்தகப்படி 25% லாபம் பார்க்கிறார். கல்லாவில் விழும் ஒவ்வொரு நூற்றிலும் 20 எனக்கு என்று பார்ப்பவருக்கு அதே லாபம் 20%. இரண்டுமே சரி. யார் எதைச் சொல்கிறார்கள் என்று தெரியாமல் பேரம் பேசுவதுதான் பிரச்சினை. விற்கும் விலையில் 20% நிற்க வேண்டும் என்று நினைத்து 80 ரூபாய்ச் சரக்கின் மேல் 20% வைத்து 96-க்கு விற்றால், நினைத்ததில் 4 ரூபாய் போயிற்று. 80-ஐ 0.8-ஆல் வகுத்திருக்க வேண்டும்.

போட்டித் தேர்வுகளில் அடிக்கடி வரும் ஒரு கணக்கு: இரண்டு கடிகாரங்களை ஒவ்வொன்றும் 990 ரூபாய்க்கு விற்கிறார், ஒன்றில் 10% லாபம், மற்றதில் 10% நட்டம். 'லாபமும் இல்லை, நட்டமும் இல்லை' என்று கை பரபரக்கும். பொறுங்கள். 990-ஐ 1.1-ஆல் வகுத்தால் முதல் கடிகாரத்தின் அடக்கம் 900. 0.9-ஆல் வகுத்தால் இரண்டாவதின் அடக்கம் 1,100. போட்டது 2,000, வந்தது 1,980. நட்டம் 20 ரூபாய், 1%. நட்டம் பெரிய தொகையின் மேலும் லாபம் சின்னத் தொகையின் மேலும் விழுந்திருக்கிறது.

நகைக்கடையில்

இங்கே சதவீதத்தின் மேல் சதவீதம் ஏறும். கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அன்றைய விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பவுன், அதாவது 8 கிராம் சங்கிலிக்குத் தங்கத்தின் மதிப்பு 80,000. சேதாரம் 12% என்றால் 0.96 கிராம், 9,600 ரூபாய். ஆக 89,600. அதன் மேல் 3% ஜி.எஸ்.டி. 2,688. கட்ட வேண்டியது 92,288. நேராகப் போட்டால் 1.12 × 1.03 = 1.1536, தங்கத்தின் விலைக்கு மேல் 15.36% கொடுக்கிறீர்கள். 12-ம் 3-ம் 15 என்று கூட்டிவிட்டால் 288 ரூபாய் எங்கிருந்து வந்தது என்று புரியாது. வரி சேதாரத்தின் மேலும் விழுகிறது, அங்கிருந்துதான்.

கடைகளை ஒப்பிடும்போது சேதாரச் சதவீதத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஒரு கடையில் சேதாரம் 12%, செய்கூலி இல்லை. இன்னொன்றில் 'சேதாரம் 8%தான்', ஆனால் கிராமுக்கு 500 ரூபாய் செய்கூலி. இரண்டாவது கடையில் 8 கிராமுக்கு 6,400-ம் 4,000-ம் சேர்ந்து 10,400, அது 13%. எல்லாவற்றையும் தங்கத்தின் மதிப்பின் மேல் ஒரே சதவீதமாக மாற்றிக்கொண்ட பிறகே ஒப்பிட வேண்டும். 916 என்ற முத்திரையும் சதவீதம்தான்: ஆயிரத்துக்கு 916 பங்கு சுத்தத் தங்கம், 91.6%. 24-ல் 22 பங்கு என்பதன் மதிப்பு அது.

வட்டிப் பேச்சு

'ரெண்டு வட்டி' என்று ஊரில் சொன்னால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய். ஆண்டுக்கு 24%. வங்கியில் சொல்லும் 9% ஆண்டுக்கு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'வங்கியில் ஒன்பது, இவரிடம் இரண்டுதானே' என்று ஏமாறக்கூடாது. நகைக்கடனில் '75 பைசா வட்டி' என்பது ஆண்டுக்கு 9%, 'ஒன்றரை வட்டி' என்பது 18%. மாத வட்டியை 12-ஆல் பெருக்கிய பிறகே பேசத் தொடங்குங்கள்.

அடுத்தது 'எதன் மேல்' வட்டி என்பது. ஒரு லட்சம் ரூபாய்க்கு ஓராண்டு, 10% நிலையான வட்டி (ஃப்ளாட் ரேட்) என்று கடன் தருகிறார்கள். வட்டி 10,000, மொத்தம் 1,10,000-ஐ 12 தவணையாக மாதம் சுமார் 9,167 கட்ட வேண்டும். முதல் மாதமே அசலில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறீர்கள். ஆனால் வட்டி கடைசி மாதம் வரை முழு லட்சத்தின் மேல் ஓடுகிறது. உண்மையில் உங்கள் கையில் ஆண்டு முழுவதும் சராசரியாக இருப்பது லட்சத்தில் பாதியைச் சற்றே தாண்டிய தொகை. குறையும் நிலுவையின் மேல் கணக்கிட்டால் இது ஆண்டுக்குச் சுமார் 18%. ஆகவே 'நிலையான வட்டி 10%' என்பதைவிட 'குறையும் நிலுவையில் 14%' மலிவு.

தண்டலில் இது இன்னும் கொடுமை. பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு கையில் 9,000 தருகிறார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். 'பத்து சதவீதம்தான்' என்பார்கள். முதலில், வட்டி 9,000-ன் மேல், அதாவது 11.11%. இரண்டாவது, அது ஆண்டுக்கு அல்ல, 100 நாளுக்கு. மூன்றாவது, தினமும் கட்டிக்கொண்டே வருவதால் சராசரியாகக் கையில் நிற்பது சுமார் 4,500 ரூபாய்தான். மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஆண்டு வட்டி 75%-ஐத் தாண்டிப் போகிறது. அதிக வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ல் வந்த சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டியோடு தண்டலையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.

கூட்டு வட்டிக்கு ஒரு கைக்கணக்கு: 72-ஐ வட்டி வீதத்தால் வகுத்தால் பணம் இரட்டிப்பாகும் ஆண்டுகள் ஏறத்தாழக் கிடைக்கும். 8% என்றால் 9 ஆண்டு. 24% வட்டி கட்டாமல் சேர்ந்தால் கடன் மூன்றே ஆண்டில் இரட்டிக்கும்.

சதவீதமும் சதவீதப் புள்ளியும்

தமிழ்நாட்டின் எழுத்தறிவு 2001 கணக்கெடுப்பில் 73.45%, 2011-ல் 80.09%. '6.64 சதவீதம் உயர்ந்தது' என்று எழுதினால் துல்லியமில்லை. உயர்ந்தது 6.64 சதவீதப் புள்ளி. 73.45-ன் மேல் பார்த்தால் உயர்வு சுமார் 9%. ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி 2022 மே மாதத் தொடக்கத்தில் 4% ஆக இருந்து 2023 பிப்ரவரியில் 6.5%-ஐத் தொட்டது. 2.5 புள்ளி உயர்வு என்பதும் 62.5% உயர்வு என்பதும் ஒரே செய்தி. எதை எடுப்பது என்பது எழுதுகிறவரின் நோக்கத்தைப் பொறுத்தது. வாசிக்கிறவர் இரண்டையும் போட்டுப் பார்ப்பது நல்லது. நுழைவுத் தேர்வு முடிவில் வரும் பெர்சென்டைல் முற்றிலும் வேறு. 99 பெர்சென்டைல் என்றால் 99% மதிப்பெண் அல்ல. எழுதியவர்களில் நூற்றுக்கு 99 பேர் உங்கள் அளவிலோ அதற்குக் கீழோ நிற்கிறார்கள்.

ஈர நெல்

அனுபவசாலிகளையும் தடுக்கி விழவைக்கும் கணக்கு இது. 22% ஈரப்பதத்தோடு 1,000 கிலோ நெல் இருக்கிறது. கொள்முதல் நிலையத்தின் வழக்கமான வரம்பான 17%-க்குக் காயவைத்தால் எடை எவ்வளவு குறையும்? 22-ல் 17 போனால் 5, ஆக 50 கிலோ என்பது தவறு. காயும்போது மாறாமல் இருப்பது எது என்று பாருங்கள்: ஈரமில்லாத நெல், 780 கிலோ. காய்ந்தபின் அது மொத்தத்தில் 83%. 780-ஐ 0.83-ஆல் வகுத்தால் சுமார் 940 கிலோ. குறைந்தது 60 கிலோ. தண்ணீர் குறையும்போது மொத்த எடையும் சேர்ந்தே குறைவதால், 22%-ம் 17%-ம் ஒரே தொகையின் மேல் நிற்கவில்லை. அதனால் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கவே முடியாது. கலவைக் கணக்குகள் எல்லாவற்றுக்கும் இதுவே வழி: மாறாத பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கருவிகளை நம்பும் முன்

ஃபோன் கால்குலேட்டர் பலவற்றில் 200 + 10% என்று தட்டினால் 220 வரும். எக்செல்லில் அதையே =200+10% என்று எழுதினால் 200.1 வரும், அதற்கு 10% என்பது வெறும் 0.1. அங்கே =200*(1+10%) என்று எழுத வேண்டும். கருவி எதுவானாலும் 1.1-ஆல் பெருக்கிவிட்டால் குழப்பமே இல்லை. நடுவில் தசமங்களைச் சுருக்காதீர்கள், கடைசியில் ஒருமுறை சுருக்கினால் போதும். எண்கள் சிறியவையாக இருந்தால் சதவீதத்தைத் தூக்கிப் பிடிக்கவும் வேண்டாம்; இரண்டு பேர் சேர்ந்த இடத்தில் மூன்று பேர் சேர்ந்தாலே 50% உயர்வுதான்.

தனியாகப் போட்டுப் பார்க்க மூன்று

ஒரு கடைக்காரர் அடக்க விலையை 25% ஏற்றிக் குறித்துவிட்டு 20% தள்ளுபடி தருகிறார். அவருக்கு லாபம் எத்தனை சதவீதம்? (1.25 × 0.8 = 1. லாபமே இல்லை.)

பொறியியல் கலந்தாய்வுக்கு 200-க்குக் கணக்கிடும் கட்-ஆஃபில் கணிதம் முழு 100, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி. கணிதம் 95, இயற்பியல் 88, வேதியியல் 92 என்றால்? (95 + 44 + 46 = 185. மொத்தத்தில் கணிதத்தின் பங்கு 50%, மற்றவை தலா 25%. கணிதத்தில் விடும் ஒரு மதிப்பெண், இயற்பியலில் விடும் இரண்டுக்குச் சமம்.)

உள்ளாட்சித் தேர்தலில் 80% வாக்கு பதிவானது. பதிவானதில் 5% செல்லாதவை. செல்லுபடியானதில் 55% பெற்றவர் 4,180 வாக்குகள் வாங்கினார். மொத்த வாக்காளர் எத்தனை பேர்? மூன்று சதவீதமும் மூன்று வெவ்வேறு தொகைகளின் மேல் நிற்கின்றன: 0.8 × 0.95 × 0.55 = 0.418. 4,180-ஐ 0.418-ஆல் வகுத்தால் 10,000. வென்றவருக்கு ஊரில் நூற்றுக்கு 42 பேர்கூட வாக்களிக்கவில்லை.